அரைநூலும் பிசகாத இடம்

அந்த நோட்டுப்புத்தகத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை. தேதி, வேளை, உணவுக்கு முன், உணவுக்குப் பின், ஊசியின் அளவு என்று அளவுகோல் வைத்துக் கோடிழுத்த ஐந்து கட்டங்கள். தளை தட்டாத வெண்பாவில் சீர்கள் நிற்பதுபோல் ஒவ்வோர் எண்ணும் தன் கட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றது. வடிவம் அத்தனை ஒழுங்கு. பொருள்தான் நெஞ்சைச் சுட்டது. இருநூற்று எண்பது. முந்நூற்றுப் பத்து. இருநூற்று அறுபத்தைந்து. மறுபடியும் முந்நூறு.

மருத்துவர் நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டு நோட்டை மூடினார்.

"மூணு மாசச் சர்க்கரைச் சராசரி பத்தரை சதவீதத்துக்கு மேல இருக்கு. எட்டுக்குக் கீழே வராம கண்ணுல கத்தி வைக்க மாட்டேன்னு கண் டாக்டர் எழுதி அனுப்பியிருக்காரு. ஐயா, ஒளிக்காம சொல்லுங்க. ஊசியை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர். நாலு வருஷத்துல ஒரு வேளைகூடத் தப்பினதில்லை."

சொன்னவர் கடைசல் பட்டறை வைத்திருப்பவர், ஐம்பத்தெட்டு வயது. அவர் கடைந்த உருளையைத் திருப்பிக் கொண்டுவந்தவர் எவருமில்லை என்பது அந்தத் தெருவின் பெருமை. பக்கத்துப் பட்டறைத் தச்சர் அவருக்கு 'அரைநூல்' என்று பெயர் சூட்டியிருந்தார். தச்சருக்கு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கடைசல் வேலையில் அரைநூல் என்றால் மலையளவு பிழை. அதில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் இரும்பைத் தூக்கிக் குப்பையில் எறிகிறவர் இவர். ஆனால் தச்சர் வைத்த பெயர் தங்கிவிட்டது.

வலது கண்ணின் உள்ளே உதிரம் கசிந்து, இரண்டாண்டுக்கு முன்பே பார்வை போய்விட்டது. மிஞ்சிய இடது கண்ணில் இப்போது புரை. அளவுக் கருவியின் கோடுகள் பனியில் மறைந்த படிக்கட்டுகளாகத் தெரிகின்றன என்று கடந்த மாதம் சொன்னார். அந்த ஒரு கண்தான் அவருடைய பட்டறை.

"ஊசி தப்பாது டாக்டர், வாய்தான் தப்பும்" என்று குறுக்கே புகுந்தார் அவர் மனைவி. "பட்டறைக்குப் போற வழியில பேக்கரி மட்டும் மூணு இருக்கு. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா?"

"ஒரு கண்ணு ஏற்கெனவே மூடிக்கிட்டுதான் இருக்கு. இன்னொண்ணும் மூடக் கூடாதுன்னுதானே இங்க வந்து உக்காந்திருக்கேன்" என்றார் கடைசல்காரர்.

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது, நேரந்தான் இல்லை. வெளியே நடைவழி முழுவதும் மக்கள். காலையில் முப்பத்தாறு யூனிட் என்றிருந்ததை அடித்து நாற்பத்திரண்டு என்று எழுதினார்; மாலையில் இருபத்துநான்கை இருபத்தெட்டாக்கினார். இந்த ஆண்டில் இது மூன்றாவது ஏற்றம். சீட்டை அட்டையிலிருந்து கிழித்து, அருகே நின்ற செவிலியிடம் நீட்டினார்.

செவிலி வாங்கிக்கொண்டாள், நகரவில்லை. நீரிழிவுப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் இருந்தவள். நோயாளிகளுக்கு அவள் 'கேள்வி சிஸ்டர்'. இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்வதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஏன், எப்படி, எப்போது என்று கேட்டே ஆளைத் துளைத்துவிடுவாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். இவர் ஏமாத்துறவரா இருந்தா நோட்டுல நூத்திருபது, நூத்திமுப்பதுன்னு எழுதியிருப்பாரே? தனக்கு எதிராவே யாராவது பொய்ச்சாட்சி சொல்வாங்களா?"

மருத்துவர் பேனாவை மூடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நோட்டை நான் நம்புறேன். அளவைக் கூட்டுறதுக்கு முன்னாடி இவர் ஊசி போட்டுக்கறதை ஒருதரம் கண்ணால பார்க்கணும்" என்றாள் செவிலி.

"நாலு வருஷமா போடுறவருக்கு அதுகூடவா தெரியாது?"

"தெரியும்னு நினைச்சுத்தான் நாலு வருஷமா யாரும் பார்க்கல."

"சரி, அரைமணி நேரம். அதுக்குள்ள ஒண்ணும் கிடைக்கலேன்னா இந்தச் சீட்டுத்தான்" என்றார் மருத்துவர்.

நடைவழியின் கடைசியில் இருந்தது செவிலியின் அறை. எடை காட்டும் கருவி, பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பாதம், ஊசிமருந்து வைக்கும் சின்னக் குளிர்பெட்டி, இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆள் வந்தால் எடைக்கருவிமீது நிற்க வேண்டியதுதான். கடைசல்காரரின் மனைவி அதன்மேல் ஏறி நின்று, முள்ளைப் பார்த்துவிட்டு, அவசரமாக இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"காலை ஊசி இன்னும் போடலையே? ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயித்தோடதானே வந்தீங்க?"

"ஆமா சிஸ்டர். மருந்தும் டிபனும் பையில இருக்கு."

"அப்ப வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க. நான் இங்க இல்லேன்னு வெச்சுக்குங்க."

அவர் பையிலிருந்து இன்சுலின் ஊசிப்பேனாவை எடுத்து வைத்துவிட்டுக் கைகழுவினார். சட்டையின் கீழ்ப்பொத்தான் இரண்டைக் கழற்றினார். பிறகு செய்ததைக் கண்டு, எதையும் வியக்காத செவிலியே வியந்தாள். சட்டைப்பையிலிருந்து ஆறங்குல எஃகு அளவுகோலை எடுத்து, அதன் முனையைத் தொப்புளில் வைத்து, இடப்பக்கம் இரண்டு அங்குலத்தில் விரலை ஊன்றிக்கொண்டார்.

"ஸ்கேல் எதுக்கு?"

"இடம் மாறிடக் கூடாதில்லையா?"

"தினமும் இதே இடமா?"

"இதே இடம். கடுகளவு விலகாது. நாலு வருஷம், நாளைக்கு ரெண்டு தரம். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்" என்றார் அவர், தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளையின் குரலில்.

"இருங்க, குத்தாதீங்க."

செவிலி கையுறை அணிந்து, அவர் விரல் இருந்த இடத்தில் தன் விரல்களை வைத்தாள். தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு திரட்சி. ரப்பரை அழுத்துவதுபோல் இருந்தது. சட்டைக்குள் இருந்தவரை எந்தக் கண்ணும் அதை அறியவில்லை. விரல் தொட்ட கணத்தில் அது தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டது.

"வலிக்கலையா?"

"அதுதான் சிஸ்டர் இந்த இடத்தோட அருமை. முதல் மாசம் வலிச்சுது. போகப் போகப் பழகிடுச்சு. இப்ப ஊசி போறதே தெரியாது."

"பேனாவுல ஊசிமுனையை ஒவ்வொரு தடவையும் மாத்துறீங்களா?"

"ஒரு முனை அஞ்சு நாளைக்கு வரும். மழுங்கினதும் எண்ணெய்க் கல்லுல தேய்ச்சுப் பார்த்தேன். ரொம்பச் சின்னது, கையில நிக்கல."

செவிலி நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். சுவரோரத்திலிருந்து, "கத்திரிக்கோலைத் தீட்டித் தாங்கன்னு ஆறு மாசமா கேக்கறேன். அதுக்கு நேரமில்லை" என்று ஒரு முணுமுணுப்பு வந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் செவிலி. "மெஷின்ல எண்ணெய் விடுற துளை அடைச்சுப் போச்சு. நீங்க மேல மேல எண்ணெய் விடுறீங்க. பேரிங்குக்குப் போய்ச் சேருமா?"

"எப்படிச் சேரும்? வாய்லயே தேங்கி நிக்கும். உள்ளே காய்ஞ்சு தேயும்." சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கியது. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "அப்ப நான் இத்தனை நாள் விட்டதெல்லாம்..."

"பாதிக்கு மேல வழியிலயே நின்னுபோச்சு. ஒரே இடத்துல குத்தினா கொழுப்பு கட்டிக்கும். அதுக்குள்ள போற மருந்து ரத்தத்துல ஒழுங்காக் கலக்காது. தினமும் இடம் மாத்தணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா? இந்த இடத்தை யார் காட்டுனாங்க?"

கடைசல்காரர் பொத்தானைத் தடவினார்.

"சொல்லுங்களேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் மனைவி.

அவர் நோட்டின் பின்னட்டையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திய ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். வயிறு என்று ஒரு வட்டம். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து இடப்பக்கம் ஒரு கோடு, 'இரண்டு அங்குலம்' என்ற எழுத்து. கோட்டின் முடிவில் ஒரே ஒரு பெருக்கல் குறி.

செவிலிக்குத் தன் கையெழுத்தைத் தெரியாதா? நான்காண்டுக்கு முந்தைய அந்தக் காலைப்பொழுது நினைவில் எழுந்தது. வாயிலில் முண்டியடித்த கூட்டம். மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். ஊசி கற்றுக்கொடுக்க இவருக்குக் கிடைத்தவை ஐந்து நிமிடங்கள். 'இங்கே போடுங்க' என்று குறியிட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள். 'மற்றதை அடுத்த முறை சொல்கிறேன்' என்று நினைத்திருப்பாள். அந்த அடுத்த முறை வரவேயில்லை. மனம்போல் குத்துகிறவராக இருந்திருந்தால் தவறே இவரைக் காப்பாற்றியிருக்கும். இவரோ சொன்ன சொல் தவறாதவர்.

மன்னிப்பு என்ற சொல்லை அந்த மருத்துவமனையில் எவரும் எளிதில் உச்சரிப்பதில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுங்க ஐயா. ஒரு குறி போட்டேன். பத்துக் குறி போட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

"விடுங்க சிஸ்டர். ட்ராயிங்ல சந்தேகம் இருந்தா வேலைக்காரன் கேக்கணும். நான் கேக்கல."

"சந்தேகமே உங்களுக்கு வரலையே, அப்புறம் எப்படிக் கேப்பீங்க?"

சுவரோரம் நின்ற மனைவி ஓரடி முன்னால் வந்தார். "அப்ப... நீங்க திருட்டுத்தனமா எதுவும் சாப்பிடலையா?"

"பேரன் பொறந்தன்னிக்கு ஒரு துண்டு கேக்கு. நோட்டுல எழுதியிருக்கேன், பாரு."

அந்த அம்மாள் நோட்டைப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த ஒரு சின்னச் சாவியைக் கை தானாகப் பற்றிக்கொண்டது.

செவிலி மருத்துவரை அழைத்துவந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் அழுத்திப் பார்த்தார். பழைய சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். புதிய சீட்டில் காலை இருபத்தெட்டு, மாலை பதினெட்டு. நல்ல இடத்தில் போட்டால் மருந்து முழுவதும் உள்ளே போகும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

"எட்டுக்குக் கீழே வருமா சிஸ்டர்? மூணு மாசம்தான் இருக்கு. அதுக்கு மேல புரை முத்திடும்னு சொல்லியிருக்காங்க" என்றார் கடைசல்காரர்.

"வர வைக்கணும். ஆனா இந்தத் தடவை நான் குறி போட்டுத் தரமாட்டேன்." அவள் ஒரு வெள்ளைத்தாளை அவர்முன் வைத்தாள். "வயித்துல ரெண்டு பக்கம், தொடையில ரெண்டு பக்கம். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரற்கடை தூரம். கட்டி இருக்கிற பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஒரு முனை ஒரே ஒரு தடவை. திட்டத்தை நீங்க போடுங்க. நான் கேள்வி மட்டும் கேப்பேன்."

பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அது எந்தச் சாவி?"

"சர்க்கரை டப்பா சாவி. வீட்டுல சர்க்கரையை நான் பூட்டித்தான் வெச்சிருக்கேன்."

"இனிமே பூட்டாதீங்க. மருந்து நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சா, சில நேரம் சர்க்கரை திடீர்னு இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும். அப்ப உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை வாயில போட்டாகணும்."

"நல்லாயிருக்கே! திருடன் கையிலயே சாவியைக் கொடுக்கச் சொல்றீங்களே சிஸ்டர்!"

"திருடலைன்னு இப்பத்தானே தெரிஞ்சுது?"

"இதுவரைக்கும் திருடலை. திறந்து வெச்சா?"

சாவி முந்தானையிலேயே இருந்தது.

ஒரு வாரம் கழித்து வந்த கடைசல்காரர், சுருட்டிய தாள் ஒன்றை மேசையில் விரித்தார். கட்டம்போட்ட தாளில் ஒரு மனித உடம்பின் நடுப்பகுதி, முன்தோற்றம், பக்கத்தோற்றம், நான்கு வயல்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட புள்ளிகள். கட்டி இருந்த இடம் மட்டும் குறுக்குக்கோடுகளால் நிரப்பப்பட்டு, 'வேலை நிறுத்தம்' என்று எழுதப்பட்டிருந்தது. எந்தக் கிழமை காலையில் எந்தப் புள்ளி, மாலையில் எந்தப் புள்ளி என்று ஓரத்தில் ஓர் அட்டவணை.

"ஊசி போட பக்கத்தோற்றம் எதுக்குங்க?" என்று கேட்டாள் செவிலி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வரைபடம்னா முழுசா இருக்கணும் சிஸ்டர்."

"முழுசா எங்க இருக்கு? தொப்பையைப் பாதியாக் குறைச்சு வரைஞ்சிருக்காரு" என்றார் மனைவி. "அரைநூலுக்கு அங்க மட்டும் கணக்குத் தப்பும்."

இரண்டாம் வாரத்தில் எண்கள் இறங்கத் தொடங்கின. இருநூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூறு, நூற்றெழுபது. மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை, அறைக்கதவைத் திறப்பதற்கு முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். அந்த அம்மாளின் முகம் வெளிறியிருந்தது. வந்ததும் சாவியை மேசைமேல் வைத்தார்.

"இது எனக்கு வேண்டாம் சிஸ்டர். நீங்களே வெச்சுக்குங்க."

"என்ன ஆச்சு?"

"நேத்து மாடித் தொட்டியைக் கழுவுறேன்னு ஏறினாரு. சாப்பாட்டு நேரம் தாண்டிப் போச்சு. நான் எதிர்வீட்டுல பேசிட்டு வந்து பார்க்கறேன், சமையலறைத் தரையில உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் வேர்வை. பக்கத்துல டப்பா. பூட்டு பூட்டினபடியே இருக்கு; மூடி தனியா கிடக்கு!"

"கீலைக் கழட்டிட்டேன்" என்றார் கடைசல்காரர். "ஸ்க்ரூ டிரைவர் சட்டைப்பையில இருந்துச்சு. கை நடுங்குறப்பவே மீட்டர்ல பார்த்தேன். ஐம்பத்தாறு. நாலு திருகாணிதான். ரெண்டைக் கழட்டுறதுக்குள்ள கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. மீதி ரெண்டையும் தடவியே கழட்டினேன்."

"அந்த நிலைமையிலயும் திருகாணியை வரிசையா அடுக்கி வெச்சிருக்காரு சிஸ்டர்! வரிசையா!" அந்த அம்மாள் சிரிக்கப்போய் அழுதுவிட்டார். "இன்னும் ரெண்டு திருகாணி இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

திட்டுவதற்குச் செவிலியிடம் சொற்கள் இருந்தன. எழுதிக் கொடுத்தேனே, பூட்டாதீர்கள் என்றேனே, பட்டறைக்கு என்று கொடுத்த குளுக்கோஸ் பொட்டலத்தை ஞாயிற்றுக்கிழமையில் ஏன் பையில் வைக்கவில்லை... எதையும் அவள் சொல்லவில்லை. இந்த இருவரும் தன்னிடம் ஓடிவந்து உள்ளதை உள்ளபடி சொன்னார்களே, திட்டினால் அடுத்த முறை சொல்வார்களா?

"சர்க்கரை சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?"

"பதினைஞ்சு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மறுபடி விரல்ல குத்தி மீட்டர்ல பார்த்தேன், தொண்ணூத்திரண்டு. அப்புறம் சோறு. இன்னிக்குக் காலையில ரெண்டு யூனிட் குறைச்சுப் போட்டேன்."

"யாரைக் கேட்டுக் குறைச்சீங்க?"

"உங்க சீட்டைக் கேட்டு. எழுபதுக்குக் கீழே போனா மறுநாள் ரெண்டு குறைக்கணும்னு எழுதியிருக்கே? தப்பா?"

"சரி" என்றாள் செவிலி. "ரொம்பச் சரி."

அன்றிலிருந்து சட்டைப்பையில் அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் ஏறியது. சர்க்கரை டப்பாவுக்கு மூடி இருந்தது, பூட்டு இல்லை.

ஆனால் நோய் என்பது ஒரே சண்டையில் ஓடிப்போகிற பகையன்று. ஆறாம் வாரத்தில் எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தலையைக் குனிந்துகொண்டு வந்தார் கடைசல்காரர்.

"தொடையில வலிக்குது சிஸ்டர். பழைய இடம் வா வான்னு கூப்பிடுது."

"போனீங்களா?"

"ரெண்டு நாள் போனேன். நோட்டுல சிவப்பு மையில எழுதியிருக்கேன்."

"குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போடுறீங்களா?"

"ஆமா."

"இன்னும் திறக்காத பேனாதான் பெட்டியில இருக்கணும். நடப்பு பேனாவை வெளியில வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா எரியும். அப்புறம், குத்துறப்ப மூச்சைப் பிடிச்சுக்கறீங்களா, விடுறீங்களா?"

"பிடிச்சுக்கறேன்."

"உளியை இரும்புல இறக்குறப்ப?"

அவர் யோசித்தார். "விடுவேன்" என்றார். எழுந்து போகும்போது அதைத் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டே போனார்.

சிவப்பு மை பிறகு ஒரே ஒரு நாள் வந்தது. பட்டறைக்கு நடந்து போனார். மனைவி சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினார்; மருத்துவர் மாலை அளவைப் பதினாறாக இறக்கினார். இடது கண்ணின் பனி நாளுக்கு நாள் தடித்தது. நோட்டின் கட்டங்களை விட்டு எண்கள் லேசாக விலகத் தொடங்கின. தம் கையெழுத்து கோணிப்போவதை அவர் பார்க்க முடியாதிருந்தது ஒருவகையில் நல்லதே.

பன்னிரண்டாம் வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது. செவிலி அதை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, தோற்று, மனைவியிடம் கொடுத்தார்.

"ஏழு... புள்ளி... ஒம்பது" என்றார் மனைவி. "ஏங்க, ஏழு புள்ளி ஒம்பதுன்னா எட்டுக்குக் கீழேதானே?"

"பத்துல ஒரு பங்கு கீழே" என்றார் கடைசல்காரர். "அளவுக்குள்ள இருக்கு. வேலை பாஸ்."

அடுத்த வியாழனன்று அறுவை நடந்தது. மாலை பணி முடிந்ததும் செவிலி இரண்டு மாடி ஏறிக் கண் வார்டுக்குப் போனாள். வாசலில் நின்று பார்த்தாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்; பக்கத்தில் மனைவி. இடது கண்ணில் கட்டு, வலது கண்ணில் என்றைக்குமான இருள். சாப்பாட்டுத் தட்டு காத்திருந்தது. அந்த வார்டுச் செவிலி இன்சுலின் பேனாவோடு குனிந்து, அவர் சட்டையை விலக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் துடைக்கப்போனாள்.

"அங்க வேண்டாம்மா" என்று அவள் கையைத் தடுத்தார் அவர். "அங்க வேலை நிறுத்தம். இன்னிக்கு வியாழன் சாயங்காலம், வலது தொடை, நாலாம் புள்ளி. பேனாவைக் கொடு, நானே போட்டுக்கறேன்."

"உங்களுக்குக் கண்ணு தெரியாதே ஐயா!"

"காது தெரியுமே."

வாசலில் நின்ற கேள்வி சிஸ்டரின் கால் ஒன்று வாசற்படியைத் தாண்டிவிட்டது. இரண்டடி வைத்தால் போதும். பேனாவை வாங்கித் தானே போட்டுவிடலாம். அரைநிமிட வேலை. அவள் அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவர் பேனாவின் திருகைச் சுழற்றினார். கடைசல் இயந்திரத்தின் பற்சக்கரத்தைக் கேட்கிற அதே கவனத்தோடு தலையைச் சாய்த்துக்கொண்டார். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சின்ன ஓசை. கிட், கிட், கிட். நிறுத்தினார்.

"பதினாறு. காதை மட்டும் நம்பக் கூடாது. நீ பார்த்துச் சொல்லு."

மனைவி பேனாவைத் தன் கண்ணருகே வாங்கிப் பார்த்தார். "பதினாறுதான்."

விரல்களால் தொடையை அளந்து, முந்தைய புள்ளியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தினார். மூச்சை விட்டார். ஊசி இறங்கியது.

"பத்து வரைக்கும் எண்ணு. மருந்து முழுசா இறங்கட்டும்" என்றார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கினார் அந்த அம்மாள். ஏழு வந்ததும் கடைசல்காரர் ஊசியை எடுக்கப் போனார்.

"அவசரப்படாதீங்க, இன்னும் மூணு இருக்கு! எட்டு... ஒம்பது... பத்து. இப்ப எடுங்க."